பொங்கல் நாலு நாளும் நம்ம ஏரியில பறவை எண்ணலாம், வர்றீங்களா? (ஏற்காடு)

மிளகுக்கடை, ஏற்காடு
டிசம்பர் 28, 2024, காலை 7.10

எல்லாருக்கும் வணக்கம். ஏரிக்கரையில மிளகு, காபித்தூள், ஏலக்காய் விக்கிற சின்னக் கடை என்னோடது. ரொம்ப நாளா மனசுல ஒரு ஆசை. அதைக் கேக்கத்தான் இந்த இழையைத் தொடங்குறேன்.

ஏற்காட்டுல விழான்னு சொன்னா எல்லாருக்கும் மே மாசக் கோடை விழாதான் ஞாபகம் வரும். இந்த வருசம் நடந்தது 47-வது. அண்ணா பூங்காவுல மலர்க் கண்காட்சி, ஏரியில படகுப் போட்டி, நாய்க் கண்காட்சி, கொழுகொழு குழந்தைப் போட்டி. அதுல எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த நாள்கள்ல ஓடுற வியாபாரத்துலதான் என் பொண்ணுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டுறேன். ஆனா விழா முடியற வரைக்கும் நான் ஏரிப் பக்கம் திரும்பினதே இல்லை. கல்லாவுல நின்னது நின்னபடிதான். பக்கத்துக் கடைக்காரங்க, ரூம் சுத்தம் பண்ற அக்காங்க, டீ மாஸ்டருங்க எல்லாருக்கும் இதே கதைதான். அது வெளியூர்ல இருந்து வர்றவங்களுக்கான விழா, நல்லா நடக்கட்டும். ஊர்ல இருக்கிற நாம ஏரியை நிதானமா பாக்க நமக்குன்னு ஒரு நாள் வேணாமா?

போன வாரம் ஒருநாள் காலையில ஆறேகால் இருக்கும். தண்ணிக்கு மேல ஒரு முழ உயரத்துக்குப் பனி. அதுக்குள்ள இருந்து ஒரு முக்குளிப்பான் வெளிய வந்துச்சு. என்னைப் பாத்ததும் சத்தமே இல்லாம முங்கிடுச்சு. எங்க எந்திரிக்கும்னு அப்படியே நின்னுட்டேன். டீக்கடைக்கு பன்னு போட வந்த தம்பியும் வண்டியை ஓரங்கட்டிட்டுப் பக்கத்துல நின்னான். அவன் ஒரு பக்கம் கை காட்டுறான், நான் ஒரு பக்கம் கை காட்டுறேன். ரெண்டு இடத்துலயும் வரல. எங்கயோ தள்ளி, தீவு மரத்துக்குக் கீழ போய் எந்திரிச்சுது. அன்னிக்குப் பூரா எனக்கு அதே நினைப்பு.

சேலத்துல இருந்து வாங்க வர்ற ஒரு தம்பி சொன்னார், பொங்கல் நாலு நாளும் தமிழ்நாடு பூரா பறவை எண்றாங்கன்னு. அதை நம்ம ஏரியில செய்யலாமா? என்ன கொண்டு வரணும், எத்தனை பேர் வரலாம்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.


மூக்கனேரிக்கரை, கன்னங்குறிச்சி
டிசம்பர் 28, இரவு 9.35

அக்கா, அந்தத் தம்பி நான்தான். இழை தொடங்கியதைப் பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம்.

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015-லிருந்து வருஷா வருஷம் பொங்கலை ஒட்டி நாலு நாள் நடக்கிறது. இந்த முறை ஜனவரி 14 முதல் 17 வரை. கட்டணம் கிடையாது, யாரிடமும் முன்பதிவு செய்ய வேண்டாம். ஓர் இடத்தில் குறைந்தது பதினைந்து நிமிஷம் நிற்க வேண்டும், அல்லது மெதுவாக நடக்க வேண்டும். அந்த நேரத்தில் கண்ணில் பட்ட, காதில் விழுந்த எல்லாப் பறவைகளையும் எண்ணி எழுத வேண்டும். "எல்லா" என்பதுதான் முக்கியம். காக்கா, மைனாவை விட்டுவிட்டு அழகான பறவையை மட்டும் எழுதினால் அந்தப் பட்டியலால் பெரிய பயன் இல்லை. பத்து வருஷம் கழித்து காக்கா குறைந்ததா கூடியதா என்று ஒருவர் தேடும்போது அவருக்கு நம் காக்காக் கணக்குதான் வேண்டியிருக்கும். எழுதியதை ஈபேர்டு (eBird) என்ற பறவைப் பட்டியல் ஆப்பில் ஏற்ற வேண்டும். குழுவாகப் போனால் ஒருவர் பட்டியல் போட்டு மற்றவர்களுக்குப் பகிர்ந்தால் போதும். ஆளுக்கு ஒன்று ஏற்றினால் ஒரே பறவை பத்துப் பறவையாகிவிடும்.

பைனாகுலர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நோட்டு, பென்சில், ஸ்வெட்டர், குல்லா போதும். பேனா பனியில் எழுதாது.

நம் ஊரில் ஓர் ஏரிக்காக ஜனங்கள் கூடுவது புதிது இல்லை. 2010-ல் எங்கள் மூக்கனேரியில் சேலம் மக்கள் குழு இறங்கி வேலை செய்தபோது, தோண்டிய மண்ணை வெளியே கொண்டுபோகாமல் ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து மரம் நட்டார்கள். அப்போது நான் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்சட்டி தூக்கினேன், மறுநாள் தோள் வலியில் பள்ளிக்கூடமே போகவில்லை. இன்று அந்தத் திட்டு மரங்களில் சாயங்காலம் கொக்குகள் வந்து அடைவதைப் பார்க்கும்போது, அதில் ஒரு சட்டி மண் என்னுடையது என்று தோன்றும். ஏற்காடு ஏரிக்கும் அப்படி நாலு பேர் வேண்டும். எண்ணிப் பார்க்கிறவன் அடுத்த வாரமும் வந்து பார்ப்பான், அதில் எனக்கு நம்பிக்கை உண்டு.


இருபதாவது வளைவு, சேலம்
டிசம்பர் 29, காலை 6.02

அக்கா, செம ஐடியா! நான் வாரா வாரம் அடிவாரத்துல இருந்து சைக்கிள்ல மேல வர்றவன். 20 கொண்டை ஊசி வளைவும் எண்ணிக்கிட்டே ஏறுவேன். எங்க குரூப்ல அம்பது பேர் இருக்கோம். எல்லாரும் ஒரே கலர் டீ ஷர்ட் போட்டு, ஒண்டிக்கடை ஜங்ஷன்ல இருந்து ஏரி வரைக்கும் ஒரு ரேலி வச்சுட்டு அப்படியே எண்ண ஆரம்பிச்சா ஊரே திரும்பிப் பாக்கும். ஸ்பீக்கர் கூட ஏற்பாடு பண்ணிடலாம்.


மூக்கனேரிக்கரை
டிசம்பர் 29, காலை 8.20

தம்பி, உங்கள் ஆர்வத்தைக் கும்பிடுகிறேன். ஆனால் ஊரே திரும்பிப் பார்த்தால் பறவையும் திரும்பிப் பார்க்கும், பார்த்துவிட்டுப் பறந்துவிடும். ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். அம்பது பேரை ஐந்தைந்து பேராகப் பிரிக்கலாம். ஏரிக்கு ஒரு குழு, ஏரித் தண்ணீர் வழிந்து போகும் ஓடைக்கு ஒரு குழு, பகோடா பாயிண்ட் பக்கம் ஒரு குழு. நீங்கள் சைக்கிளில் வருவதால் வளைவு வளைவாக நின்று பதினைந்து பதினைந்து நிமிஷம் எண்ணலாமே. மலைப்பாதையில் கார்க்காரர்களால் அப்படி நிற்க முடியாது. பாறைச் சரிவுகளில் மஞ்சள் தொண்டைச் சின்னான் என்ற பறவை இருக்கிறதா என்று பாருங்கள். தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளை விட்டால் அது வேறெங்கும் கிடையாது. நம் சேர்வராயன் மலை அதன் வீடு.

ஒன்று மட்டும் கவனம். மாசத் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மண் சரிந்த இடங்களில் சரிவுக்குக் கீழே நிற்காதீர்கள். ஈரம் காய்ந்த பிறகும் கல் உருளும்.


இருபதாவது வளைவு
டிசம்பர் 29, காலை 8.41

புரிஞ்சுதுண்ணா. ஸ்பீக்கர் கேன்சல். வளைவுக்கு ஒருத்தரா இருபது பேர் போதும். லிஸ்ட் போட்டுடுறேன்.


மேஸ்திரி, வாழவந்தி பக்கம்
டிசம்பர் 29, இரவு 8.15

தங்கச்சிக்கு ஒண்ணு சொல்லணும். தப்பா எடுத்துக்காதீங்க.

ஊர்க்காரங்களுக்கு விழாவே இல்லாத மாதிரி எழுதியிருக்கீங்க. மே மாசம் எங்க சேர்வராயன் கோவில் திருவிழா நடக்குதே, அது யாருக்கு? மலை உச்சி, 5,326 அடி. குகைக்குள்ள குனிஞ்சு போனா சேர்வராயனும் காவேரியம்மனும். சுத்தி இருக்கிற கிராமத்துல இருந்து சனங்க நடந்தே வந்து சேரும். எங்கப்பா தோள்ல உக்காந்து போயிருக்கேன், என் பேரனை என் தோள்ல வச்சுப் போயிருக்கேன். ஊர்னா ஏரியும் ஒண்டிக்கடையும் மட்டும் இல்லை.

ரெண்டாவது, நீங்க காலையில ஏரியில எண்ணலாம்கிறீங்க. ஜனவரியில காபிப் பழம் பறிப்பு இருக்கும். ஏழு மணிக்கு எங்க சனம் செடி வரிசையில கூடை கட்டி நிக்கும். பொங்கல் ஒருநாள் லீவு, மாட்டுப் பொங்கலுக்கு மாட்டைப் பாக்கணும். நாங்க எப்ப வந்து ஏரியில எண்றது? ஆசை இல்லாம இல்லை. பறவை எங்களுக்குத் தெரியாததும் இல்லை. நேரம்தான் இல்லை.


மிளகுக்கடை
டிசம்பர் 30, காலை 6.30

அண்ணா, நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி. சேர்வராயன் திருவிழாவை விட்டுட்டு எழுதினது என் தப்பு. கடையை வச்சே யோசிச்சுட்டேன். மன்னிச்சுக்கோங்க.

ஆனா நீங்க ஏரிக்கு வரத் தேவையில்லைண்ணா. தோட்டத்துலயே எண்ணலாம். பத்து மணிக்கு டீ குடிக்க உக்காருவீங்கள்ல, அந்தப் பதினஞ்சு நிமிசம் போதும்னு தம்பி சொல்றார். எங்க நிக்கிறீங்களோ அங்க என்ன பறவைன்னு எழுதினா போதும். எழுதின தாளை என் கடையில குடுத்துடுங்க. மத்ததை நாங்க பாத்துக்கிறோம். வருவீங்களாண்ணா?


மேஸ்திரி
டிசம்பர் 30, இரவு 8.40

டீ நேரத்துல எண்ணலாம்னா சரி. நான் எழுதுறேன். புக்குல போட்ட பேர் எனக்குத் தெரியாது, நாங்க கூப்பிடுற பேரைத்தான் எழுதுவேன்.


மூக்கனேரிக்கரை
டிசம்பர் 30, இரவு 8.52

ஐயா, அந்தப் பேர்தான் எங்களுக்கு வேணும். தயவுசெய்து மாற்றாமல் எழுதுங்கள்.

இன்னொன்று. காபித் தோட்டக் கணக்கு ரொம்ப முக்கியம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். இங்கே நிழல் மரத்துக்குக் கீழேதான் செடி வளர்கிறது. அத்தி, பலா போன்ற மரங்கள் நிழலுக்கு இருக்கிற தோட்டத்தில் கேட்கிற பறவைச் சத்தம், சில்வர் ஓக் மட்டும் நட்ட தோட்டத்தில் கேட்காது. நீங்கள் உட்காரும் இடத்தில் என்ன மரம் என்பதையும் ஒரு வார்த்தை எழுதிவிடுங்கள்.


படகுத்துறை, ஏற்காடு
ஜனவரி 2, 2025, மாலை 6.20

இழையை இன்னிக்குத்தான் பாத்தேன். ஏரியில துடுப்புப் போட்டே பாதி வயசு போச்சு எனக்கு. எண்றது நல்லதுதான், ஆனா எண்ணி என்ன ஆகப்போகுது? நாப்பது பேர் கூடுறீங்கன்னா ஆளுக்கு ஒரு கயிறும் கொக்கியும் எடுத்துட்டு வாங்க, ஆகாயத்தாமரையை இழுத்துப் போடலாம். மூலையில கொஞ்சமா இருக்கும்போதே எடுக்கணும். அசந்தா ரெண்டே வாரத்துல ரெண்டு பங்காகும். பெடல் படகுல ஒரு குடும்பம் போய் அதுல மாட்டிக்கிட்டா நான்தான் கயிறு எடுத்துட்டு ஓடணும். சின்னக் குழந்தை அழுவுறதைக் கேட்டுட்டு நிக்க முடியாது. தண்ணி மூச்சு விடணும்னா அது போகணும். மீன் சாவுறதையும் கண்ணால பாத்திருக்கேன்.


மூக்கனேரிக்கரை
ஜனவரி 2, இரவு 10.05

அண்ணா, நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆகாயத்தாமரை தென்னமெரிக்காவிலிருந்து வந்த செடி, நம் தண்ணீருக்குச் சம்பந்தமில்லாதது. வெயில் தண்ணீருக்குள் போகாமல் மூடிவிடும், ஆக்ஸிஜன் குறையும், மீன் சாகும். எடுக்கத்தான் வேண்டும். ஆனால் எண்ணுகிற அதே நாலு நாளில் வேண்டாம் என்பது என் கருத்து.

முதலாவது, நாப்பது பேர் கயிறு போட்டு இழுத்தால் அன்றைக்கு ஏரியில் ஒரு பறவையும் நிற்காது.

இரண்டாவது, எதை எடுக்கிறோம் என்று தெரிந்து எடுக்க வேண்டும். ஆர்வத்தில் இறங்குபவர்கள் ஆகாயத்தாமரையோடு கரையோரச் சம்பையும் கோரையையும் சேர்த்து அறுத்துவிடுகிறார்கள். வேறோர் ஏரியில் இதை என் கண்ணால் பார்த்தேன். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கரை மொட்டையானது. புகைப்படத்தில் பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது. தாழைக்கோழி என்ற நீர்ப்பறவை ஒளிய இடமில்லாமல் நடு மேட்டில் வந்து நின்றது, நாய் துரத்தியது. சம்பு நம் செடி, கரையைப் பிடித்து நிற்பது. அதைத் தொடக்கூடாது.

மூன்றாவது, எடுத்ததை எங்கே போடுவது? கரையிலேயே குவித்தால் அழுகி, அதன் சத்து மழையோடு திரும்ப ஏரிக்கே போகும். அது உரமாகி அடுத்த செடி வளரும். பிய்ந்து விழுந்த ஒரு துண்டுக் கொடி போதும், மறுபடி ஆரம்பித்துவிடும்.


படகுத்துறை
ஜனவரி 3, காலை 5.50

கடைசியா சொன்னது சத்தியமான வார்த்தை தம்பி. ஒரு தடவை இழுத்துக் கரையில போட்டுட்டுப் போனாங்க, அடுத்த மழைக்கு பாதி திரும்ப உள்ளயே இறங்கிடுச்சு. லாரி இல்லாம தொடவே கூடாது. அதோட சாக்கடைத் தண்ணி உள்ள வர்ற வரைக்கும் நாம எடுத்துக்கிட்டே இருப்போம், அது வளர்ந்துக்கிட்டே இருக்கும். சோறு போடுற கையை முதல்ல நிறுத்தணும்.

சரி, பொங்கலுக்கு எண்ணுங்க. எந்த மூலையில எவ்வளவு பரவியிருக்குன்னு நான் தனியா ஒரு படம் வரைஞ்சு தர்றேன். எந்தெந்த இடத்துல வெளித்தண்ணி இறங்குதுன்னும் அதுல குறிக்கிறேன். அதை வச்சு அனுமதி கேட்டு, லாரியோட, பிப்ரவரியில இறங்கலாம். தாழைக்கோழி இருக்கிற மூலையைக் கடைசியா தொடலாம். இது நியாயமா?


மூக்கனேரிக்கரை
ஜனவரி 3, காலை 6.15

இதைவிட நியாயம் இல்லை அண்ணா.


ஆறாம் வகுப்பு டீச்சர், நாகலூர்
ஜனவரி 5, மாலை 4.45

அரசுப் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். பொங்கல் விடுமுறையில் பிள்ளைகளை ஏரிக்குக் கூட்டிவர இயலாது, அவரவர் வீட்டுக் கொல்லையிலேயே எண்ணச் சொல்லியிருக்கிறேன். நாலு கோடு போட்ட நோட்டில் தேதி, நேரம், பறவை, எத்தனை.

பாடம் எடுக்கும்போது ஆறுமணிக் குருவியைப் பற்றிச் சொன்னேன். குளிர்காலத்துக்கு வடக்கிலிருந்து நம் பக்கம் வருகிறது, காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் இரண்டு சுரமாகக் கூப்பிடும், தரையில் சருகைக் கிளறிப் புழு தின்னும் என்று. பின் வரிசையில் எப்போதும் பேசாத ஒரு பையன் எழுந்து நின்றான். "டீச்சர், அது எங்க வீட்டுப் பலா மரத்தடியில இருக்கு. வயித்துல சிவப்பு, வால் இல்லாத மாதிரி இருக்கும். அதைக் கேட்டுத்தான் எங்கம்மா அடுப்புப் பத்த வைப்பாங்க." நாற்பது பிள்ளைகளும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். இந்த வருஷம் அவன் வகுப்பில் இத்தனை வார்த்தை பேசியது அன்றுதான்.

ஒரு வேண்டுகோள். விடுமுறை முடிந்ததும் பிள்ளைகளுக்கு ஏரியையும் கிளியூர் அருவியையும் ஒரே நாளில் காட்ட ஆசை. ஏரி நிறைந்து வழிகிற தண்ணீர்தான் 300 அடி அருவியாகக் கீழே விழுகிறது என்று புத்தகத்தில் சொல்லிக் கொடுப்பதைவிட, ஏரிக்கரையில் கிடக்கிற அதே சிப்ஸ் கவர் அருவிப் பாறையிலும் ஒட்டியிருப்பதை அவர்களே பார்க்கட்டும். யாராவது துணைக்கு வர முடியுமா? அருவிக்கு இறங்கும் பாதை செங்குத்து, பெரியவர்கள் நாலு பேராவது வேண்டும்.


இருபதாவது வளைவு
ஜனவரி 5, மாலை 5.10

டீச்சர், நாங்க ஆறு பேர் வர்றோம். முதலுதவிப் பெட்டி, கயிறு ரெண்டும் எங்ககிட்ட இருக்கு.


அஸ்தம்பட்டி அப்பா, சேலம்
ஜனவரி 8, இரவு 9.00

ஏழு வயதிலும் பத்து வயதிலும் இரண்டு பிள்ளைகள். 14-ஆம் தேதி வீட்டில் பொங்கல் வைத்துவிட்டு வர முடியாது, 16 அல்லது 17 வரலாமா? பஸ்ஸில் வருவதா, காரில் வருவதா? காட்டெருமை நடமாட்டம் என்று செய்தியில் பார்த்தேன், மனைவி பயப்படுகிறாள்.


மிளகுக்கடை
ஜனவரி 9, காலை 6.45

17-ம் தேதி வாங்க சார். 16 காணும் பொங்கல், அன்னிக்கு வண்டி நெருக்கடி தாங்காது. பிள்ளைங்களைக் கூட்டிட்டு வளைவுல மணிக்கணக்கா நிக்க வேணாம். சேலம் புது பஸ் ஸ்டாண்டுல ஏறினா நேரா ஏரிக்கரைக்கே வந்துடலாம். பஸ்ஸுல வந்தா நீங்களும் ஜன்னல்ல எண்ணிக்கிட்டே வரலாம்.

காட்டெருமை இருக்கிறது நிசம்தான். பயப்படத் தேவையில்லை, மரியாதை குடுத்தா போதும். விடியறதுக்கு முன்னாடி தோட்டத்து ஒத்தையடிப் பாதையில நடக்காதீங்க, பனியில பாறைன்னு நினைச்சுக் கிட்டப் போயிடுவோம். பாத்தா நின்னுடுங்க. அது போற வரைக்கும் வழி விடுங்க. ஹாரன் அடிக்கிறது, பிளாஷ் போட்டுப் போட்டோ எடுக்கிறது கூடவே கூடாது. கன்னுக்குட்டிக்கும் தாய்க்கும் நடுவுல போயிடாதீங்க, அது ரொம்ப முக்கியம். நாங்க ஏரிக்கரை ரோட்டுலதான் நிப்போம், அங்க வெளிச்சமும் ஆளும் இருக்கும்.

பிள்ளைங்களுக்கு நேரம் மிச்சம் இருந்தா தாவரவியல் ஆய்வுத் துறையோட ஆர்க்கிட் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. 1963-லயே தொடங்கினது. பூச்சி தின்னுற குடுவைச் செடி அங்க இருக்கு. என் பொண்ணு சின்ன வயசுல அதுக்கு முன்னாடி உக்காந்து எந்திரிக்கவே மாட்டேன்னு அடம் பிடிச்சா.

எல்லாருக்கும் சேத்து: நாலு நாளும் காலை 6.30-க்கு என் கடை வாசல். சுக்குக் காபி என் செலவு. டம்ளர் நீங்க கொண்டு வாங்க, பேப்பர் கப் குடுக்க மாட்டேன்.


மூக்கனேரிக்கரை
ஜனவரி 14, இரவு 8.30

முதல் நாள். பதினொரு பேர் வந்தோம். பனி விலக ஏழரை ஆயிற்று, அதுவரை காதால்தான் எண்ணினோம். செம்மீசைச் சின்னான் எல்லாத் திசையிலும் கேட்டது. பனி விலகியதும் தீவு மரத்தில் சின்ன நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு நின்றன, வரிசையாகத் துணி உலர்த்திய மாதிரி. முக்குளிப்பானை எண்ணத்தான் படாத பாடு. ஒன்று முங்கும், மூன்று எழும். அக்கா ஒரு வழி சொன்னார்: நாலு பேர் நாலு மூலையில் நின்று, அக்கா கை தூக்கும் அதே நொடியில் தெரிவதை மட்டும் எண்ணுவது. அதைப் பத்துத் தடவை செய்து, வந்ததிலேயே அதிகமான எண்ணை எழுதினோம். ஆறு.

ஏரித் தண்ணீர் வழிந்து போகும் ஓடையில், ஈரக் கல்மேல் ஒரு சாம்பல் வாலாட்டி. பேரில்தான் சாம்பல், அடிவயிறு எலுமிச்சை மஞ்சள். கல்லுக்குக் கல் தாவி, நின்ற இடத்தில் வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருந்தது. இமயமலைப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு இந்தக் குட்டி ஓடைக்கு வந்திருக்கிறது. அதன் பக்கத்துக் கல்லில் ஒரு ஷாம்பு சாஷே ஒட்டியிருந்தது. வாலாட்டி போகும் வரை காத்திருந்து, தம்பி ஒருவர் இறங்கி எடுத்துவந்தார்.


ஆறாம் வகுப்பு டீச்சர்
ஜனவரி 15, மாலை 7.10

பலா மரத்தடிக்கு நேரில் போய்விட்டேன். மாட்டுப் பொங்கல் அன்று ஆசிரியர் வீட்டுக்கு வந்ததில் அந்தப் பையனின் அம்மாவுக்குக் கைகால் ஓடவில்லை, கொம்புக்கு வண்ணம் பூசியபடியே சர்க்கரைப் பொங்கல் வைத்துக் கொடுத்தார். ஆறு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது பையன் வாயில் விரல் வைத்தான். கேட்டோம். முதலில் ஒன்று, பிறகு கொஞ்ச தூரத்தில் இன்னொன்று பதில் சொன்னது. நான் இத்தனை வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், அதைக் கேட்டிருக்கிறேன், என்னவென்று தெரியாமல் கேட்டிருக்கிறேன்.

அவன் நோட்டில் "ஆறுமணிக் குருவி: 2 (காதால்)" என்று எழுதிவிட்டு, சரியா என்று என்னைப் பார்த்தான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.


படகுத்துறை
ஜனவரி 16, இரவு 9.50

இன்னிக்குக் கூட்டம் சொல்லி மாளாது. மதியம் ரெண்டு மணிக்குத் தீவு ஓரத்துல ஒரு மடையான் கொக்கு ஒத்தைக் கால்ல தொங்குற மாதிரி படபடன்னு அடிச்சுது. கிட்டப் போனா, காலைச் சுத்தி தூண்டில் நரம்பு, மறுமுனை கிளையில. யாரோ அறுந்த நரம்பை அப்படியே விட்டுட்டுப் போயிருக்காங்க.

தோள் துண்டை அது தலை மேல போட்டதும் அடங்கிடுச்சு. கண் மறைஞ்சா பயம் போயிடும் போல. அலகைக் கூட இருந்த தம்பி பிடிச்சுக்கிட்டான், இல்லைன்னா கண்ணைக் குத்திடும். என்கிட்ட இருந்தது நகவெட்டிதான். மூணு சுத்து. கடைசிச் சுத்து தோலுக்குள்ள இறங்கியிருந்துச்சு, கை நடுங்கிருச்சு எனக்கு. அறுத்து விட்டதும் படகு விளிம்புல ஒரு நிமிசம் நின்னுச்சு. காலை மடக்கி நீட்டிப் பாத்துச்சு. அப்புறம் றெக்கையை விரிச்சா, உள்ள அவ்வளவு வெள்ளை. மண் கலர்ப் பறவை பால் கலராப் போச்சு.

வரைஞ்சுக்கிட்டு இருக்கிற படத்துல இதையும் சேத்துட்டேன். நரம்பு தொங்குற கிளை இன்னும் ஏழு இருக்கு.


அஸ்தம்பட்டி அப்பா
ஜனவரி 17, மாலை 6.30

வந்துவிட்டுப் பத்திரமாக வீடு சேர்ந்தோம். என் மகள் பஸ் ஏறியதிலிருந்து ஜன்னலில் மைனா எண்ணி மொத்தம் முப்பத்தொன்று என்கிறாள், அதை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? மகன் படகு கேட்கவே இல்லை, எனக்கே ஆச்சரியம். சுக்குக் காபிக்கு நன்றி அக்கா.


மூக்கனேரிக்கரை
ஜனவரி 17, இரவு 10.40

ஓடும் பஸ்ஸில் எண்ணியதை இதில் சேர்க்க முடியாது சார். நாளைக்கு வீட்டு மாடியில் பதினைந்து நிமிஷம் நிற்கச் சொல்லுங்கள், அதை அவள் பேரிலேயே ஏற்றலாம். கணக்கெடுப்பு முடிந்தாலும் ஈபேர்டு வருஷம் முழுக்கத் திறந்துதான் இருக்கும்.

மேஸ்திரி ஐயாவின் தாள் இன்று கடைக்கு வந்துவிட்டது. காபிப் பழ எடைச் சீட்டின் பின்பக்கம், மூன்று நாள் டீ நேரம், ஒவ்வொன்றுக்கும் தொடங்கிய நேரம் முடித்த நேரம் எல்லாம் பிசகாமல் இருக்கிறது. மேலே "அத்தி ஒண்ணு, பலா ரெண்டு, மத்தது ஓக்" என்று மரக்கணக்கு. ஒரு வரியில் தயங்கி நின்றேன். "குக்குறு, பச்சை, அத்தியில, 4" என்று எழுதியிருக்கிறார். பிறகுதான் விளங்கியது. அது வெண்கன்னக் குக்குறுவான். புத்தகத்தில் இருக்கிற பேரும் அந்தச் சத்தத்திலிருந்து வந்ததுதானே ஐயா. ஓக் மரத்தடியில் உட்கார்ந்த நாளின் சீட்டில் குக்குறு இல்லை.


மேஸ்திரி
ஜனவரி 18, காலை 5.30

இருக்காது. அத்திப்பழம் இருந்தாத்தான் அது வரும். நாளைக்கு ஞாயித்துக்கிழமை, பறிப்பு இல்லை. அந்த ஏழு கிளையில நரம்பு எடுக்க ஆள் வேணும்னா நான் வர்றேன், மரம் ஏறத் தெரியும்.


படகுத்துறை
ஜனவரி 18, காலை 5.48

வாங்கண்ணா. ஆறரைக்குத் துறையில இருப்பேன். நகவெட்டி வேணாம், நல்ல கத்திரி எடுத்துட்டு வாங்க.


மிளகுக்கடை
ஜனவரி 18, காலை 6.05

நானும் வர்றேன். பொண்ணு கடையைப் பாத்துக்கிறேன்னுட்டா.